அம்பாசிடர் மார்க் 2: சூடானதும் ஐடிலிங் தடுமாறுது, வண்டி நின்னு போகுது

தக்கலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு அம்பாசிடர் மார்க் 2 பத்தி கேக்கணும். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், எஸ்.யூ. கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குறது), எஞ்சின் பக்கவாட்டுல மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு விடுறது). அப்பா ஓட்டினது. அவருக்கு அப்புறம் நான் வச்சிருக்கேன். டீசல் எஞ்சின் மாத்திக் குடுக்கேன்னு பலபேரு கேட்டும் பெட்ரோல்லயே வச்சிருக்கது.

காலையில சோக் இழுத்தா ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆவும். தக்கலையிலேர்ந்து நாகர்கோவில் வரைக்கும் ஓட்டத்துல ஒரு குறையும் தெரியாது. பார்வதிபுரம் வந்து வேகம் கொறச்சதும் ஆரம்பிக்கும். ஐடிலிங்ல, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடும்போது, மொத்த வண்டியும் ஆடுது, ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் நடுங்குது. ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சே வச்சிருக்கணும். காலை எடுத்தா சில சமயம் ஆஃப் ஆயிடும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா சில நேரம் உடனே எடுக்கும், சில நேரம் எடுக்கவே எடுக்காது.

பிளக் நாலும் புதுசு. பெட்ரோல் ஃபில்டர் புதுசு. ஒரு பட்டறையில கார்ப்ரேட்டரை கழத்தி கிளீன் பண்ணி, ஐடிலிங்கை ஏத்தி வச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள்ல பழைய கதைதான். இன்னொரு இடத்துல எஞ்சின் வேலை செய்யணும், பிஸ்டன் ரிங்கு போயிருக்கும்னு சொல்லுதாங்க. புகை இல்ல, ஆயில் குடிக்கல. எஞ்சினைப் பிரிக்கதுக்கு முன்னாடி வேற என்னெல்லாம் பாக்கணும்?

வடசேரி மெக்கானிக்

தம்பி, எஞ்சினைப் பிரிக்காண்டாம். கார்ப்ரேட்டர்லயும் இனி யாரையும் கை வைக்க விடாண்டாம்.

நீங்க எழுதினதுல ரெண்டு கம்ப்ளெயின்ட் இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பப்பிடாது. ஐடிலிங் ஆடுறது ஒண்ணு. வண்டி நிக்கது இன்னொண்ணு. ஒரே காரணமாவும் இருக்கலாம், வேற வேறயாவும் இருக்கலாம். தனித்தனியாப் பாத்தாத்தான் தெரியும்.

நிக்கும்போது எப்படி நிக்கின்னு கவனியுங்க. சாவியைத் திருப்பி நிறுத்தின மாதிரி சட்டுன்னு நின்னா கரண்டு. திக்கித் திணறி, ரெண்டு மூணு தடவை எழும்பி விழுந்து நின்னா பெட்ரோல் இல்லேன்னா காத்து. இது நூத்துக்கு நூறு சரின்னு சொல்லமாட்டேன், ஆனா எங்க தொடங்கணும்னு காட்டித் தரும்.

முக்கியமான காரியம், நின்ன அந்த நிமிஷமே பாக்கணும். தள்ளி ஓரமா விட்டு, சாயா குடிச்சிட்டு வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது, எல்லாம் சரியாத்தான் இருக்கும். வண்டியில ஒரு ஸ்பேர் பிளக் போட்டுக்கிடுங்க. நின்ன உடனே ஒரு வயரைக் கழத்தி அந்த பிளக்குல மாட்டி, பிளக்கு உடம்பு எஞ்சின்ல நல்லாத் தொடுற மாதிரி வச்சு, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா, சத்தத்தோட தீப்பொறி வந்தா கரண்டு இருக்கு. மஞ்சளா மெலிஞ்சு வந்தாலோ வராமலே இருந்தாலோ பெட்ரோல் பக்கம் போவாண்டாம். பெட்ரோல் சிந்தின இடத்துல மட்டும் இதைச் செய்யப்பிடாது.

அடுத்தது ஐடிலிங். வண்டி சூடாகி ஆடிக்கிட்டு நிக்கும்போது, ஒவ்வொரு பிளக் வயரா இன்சுலேஷன் உள்ள பிளையரால கழத்தி எர்த்துல தொட வச்சுப் பாருங்க. நல்லா வேலை செய்யுற சிலிண்டர்னா வயரைக் கழத்தினதும் எஞ்சின் இன்னும் மோசமா ஆடும். கழத்தியும் சத்தம் மாறலன்னா அந்த சிலிண்டர் முன்னாடியே சும்மா கிடக்குன்னு அர்த்தம். எந்த நம்பர்னு எழுதி வைங்க. ரேடியேட்டர் பக்கம் உள்ளது 1.

இது ரெண்டையும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அதுக்குப் பொறவு பேசலாம்.

நாஞ்சில் ஃபியட்

எல்லாரும் எஞ்சினுக்குள்ளேயே தேடுகிறோம். பெட்ரோலையும் கொஞ்சம் பாருங்கள். என்னிடம் பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வர ஆரம்பித்தது, இப்போது எங்கே போனாலும் அதுதான். நம் வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

கணக்கு இதுதான். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் இந்த அளவு 13.5 பக்கம் வந்துவிடுகிறது. புது வண்டியில் சென்சார் இருக்கிறது, அதுவாகவே கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொள்ளும். நம் கார்ப்ரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே விடும். அதாவது கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும், காற்றுக்குப் பெட்ரோல் போதாது. முன்பே கொஞ்சம் மெலிந்த செட்டிங்கில் ஓடிய வண்டி ஐடிலிங்கில் தடுமாற இதுவே போதும்.

மற்றது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம் ஊறி உரிந்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். என் வண்டியில் பம்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவே உள்ள ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்சுவர் கறுப்புக் களிம்பாக விரலில் ஒட்டியது. அந்தத் துணுக்குகள்தான் கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வில் போய் உட்காரும். எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள். டேங்கிலிருந்து வருவது, பம்புக்குப் போவது, கார்ப்ரேட்டருக்கு வருவது, எல்லாவற்றையும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தொந்தரவும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்குக் கிடைக்கிறது. பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் போட்டால் உள்ளே ஈரம் சேரும். எத்தனால் அந்தத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டேங்கை இறக்க வேண்டியதுதான்.

குலசேகரம் ரப்பர்

ஃபியட் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா இப்ப எந்த வண்டி நின்னாலும் எல்லாரும் பெட்ரோல் மேலயே பழி போடுதாங்க. கலவை மெலிஞ்சா எல்லா ஸ்பீடுலயும் மெலிஞ்சிருக்கணும்லா? ஏத்தத்துல இழுவை கொறையணும், ஓட்டத்துல திணறணும். இவரு வண்டி ஹைவேயில ஒரு குறையும் இல்லாம ஓடுதுன்னு எழுதிருக்காரு. ஐடிலிங்ல மட்டும்தான் பிரச்சினைன்னா நான் காத்து லீக்கைத்தான் சந்தேகப்படுவேன்.

வடசேரி மெக்கானிக்

குலசேகரம் சொன்னதுல காரியம் இருக்கு. ஐடிலிங்ல த்ராட்டில் (காத்து வழியைத் திறந்து மூடுற தகடு) மூடி இருக்கும், மேனிஃபோல்டுல (கார்ப்ரேட்டர்லேர்ந்து எஞ்சினுக்குப் போற குழாய்) வேக்குவம், அதாவது உறிஞ்சல், நல்ல பலமா இருக்கும். சின்ன ஓட்டை இருந்தாலும் அது வழியா காத்தை இழுக்கும். அந்த நேரம் எஞ்சின் எடுக்க மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதனால கள்ளக்காத்து கலவையை ஒரேயடியா மெலிய வச்சிரும். த்ராட்டில் திறந்தா வேக்குவம் கொறையும், மெயின் காத்து கூடும், அதே ஓட்டை கணக்குலயே வராது. அதான் ஓட்டத்துல நல்லாருக்கு, நின்னா ஆடுது.

ஆனா ஹோஸ் மாத்தச் சொன்னதை விட்டுராதிங்க. பெட்ரோல் ஹோஸ் விண்டா தீப்பிடிக்கும். இந்தக் கம்ப்ளெயின்டுக்கு அது காரணமோ இல்லையோ, மாத்தியே ஆவணும்.

தக்கலைக்காரன்

பாத்துட்டு வந்துட்டேன். மச்சானையும் கூட்டிக்கிட்டு ஆரல்வாய்மொழி வரை போயிட்டுத் திரும்பினோம். பெட்ரோலை பாட்டில்ல பிடிச்சு வச்சுப் பாத்தேன், ஒரே நிறம், அடுக்கு பிரியல.

வயர் கழத்திப் பாத்ததுல 3, 4 ரெண்டையும் கழத்தினா எஞ்சின் நிக்கப் பாக்குது. 1, 2 கழத்தினா பெரிசா வித்தியாசமே இல்ல. வயரை மாத்தி மாட்டிப் பாத்தேன், பிளக்கை மாத்திப் பாத்தேன், அப்பவும் 1, 2தான்.

வடசேரி பக்கம் வந்து வண்டி நின்னுது. சட்டுன்னுதான் நின்னுது, திணறல் ஒண்ணும் இல்ல. ஸ்பேர் பிளக்குல பாத்தா தீப்பொறியே இல்ல. கார்ப்ரேட்டருக்கு வர பைப்பைக் கழத்தி தனியா ஒரு பாட்டில்ல பிடிச்சோம், பெட்ரோல் நல்லா அடிக்குது. ரெண்டாவது தடவை செல்ஃப் அடிச்சதும் தீப்பொறி வந்துது, வண்டியும் எடுத்துது. கூலிங் ஆவதுக்கெல்லாம் நேரமே இல்ல.

வடசேரி மெக்கானிக்

இதான் வேணும். இப்ப ரெண்டும் பிரிஞ்சு வந்துட்டுது பாருங்க.

முதல்ல 1, 2. இந்த எஞ்சின் ஹெட்டுல சிலிண்டர் நாலு இருந்தாலும் இன்டேக் வழி ரெண்டுதான். 1ம் 2ம் ஒரே வழியில மூச்சு விடும், 3ம் 4ம் இன்னொரு வழியில. அதனால பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டு சேந்து சோந்தா, அதுவும் 1-2 ஜோடியோ 3-4 ஜோடியோன்னா, அந்த வழியில கள்ளக்காத்து ஏறுதுன்னு முதல்ல சந்தேகப்படணும். 2-3 ஜோடியா இருந்தா ஹெட் பேக்கிங் நடுவுல போயிருக்கும்னு சொல்லிருப்பேன். த்ராட்டில் ஸ்பிண்டில்ல (த்ராட்டில் தகட்டைச் சுத்துற தண்டு) காத்து எடுத்தா நாலு சிலிண்டரையும் பாதிக்கும், ஏன்னா அது கார்ப்ரேட்டர்லயே ஏறுது.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு மேனிஃபோல்டைக் கழத்தப்பிடாது. முதல்ல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர அழுத்தம்) பாருங்க. எஞ்சின் சூடா இருக்கணும், நாலு பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுசா திறந்து, பேட்டரி நல்ல சார்ஜுல. நாலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தா, ரிங்கு போச்சுன்னு சொன்னவங்க பேச்சை அதோட விட்டுரலாம். 1, 2 மட்டும் கொறஞ்சா ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. ஏறினா ரிங்கு, ஏறலன்னா வால்வு. அதோட டேப்பட் கேப்பையும் (வால்வுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பாத்துக்கிடுங்க, சூட்டுல 0.015 இன்ச். டைட்டா இருக்க வால்வு சூட்டுல முழுசா மூடாம ஐடிலிங்கைக் கெடுக்கும். டேப்பட் சத்தம் கேக்கலன்னு சந்தோஷப்படுற காரியம் இல்ல அது.

அடுத்தது தீப்பொறி. சூடு ஆறாமலே திரும்ப வந்துட்டுன்னா பெட்ரோல் ஆவியாகி அடைக்கிற விஷயம் இல்ல. தீப்பொறிக்கு வோல்ட்டேஜ் ஏத்துற காயில் சூட்டுல சாவுறதும் இல்ல, அது ஆற நேரம் எடுக்கும். எங்கேயோ ஒரு கம்பி விட்டு விட்டுத் தொடுது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பாருங்க. பாயின்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு வெட்டுற சுவிட்சு) உக்காந்திருக்க பிளேட்டு அசையுற பிளேட்டு. தீப்பொறி நேரத்தை முன்னாடி தள்ளுற வேக்குவம் அட்வான்ஸ் அதை இழுக்கும், விடும். அந்த பிளேட்டையும் அடி பிளேட்டையும் சேக்குற மாதிரி பின்னல் கம்பி ஒண்ணு சின்னதா போகும், அதான் எர்த்து. காயில்லேர்ந்து வர கம்பியும் அங்கதான் வளைஞ்சு நிக்கும். வருஷக்கணக்கா வளைஞ்சு வளைஞ்சு ரெண்டுல எது வேணும்னாலும் உள்ளுக்குள்ள அறுந்திருக்கும். மேல உறை முழுசா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

உங்க வண்டி ஓட்டத்துல நிக்காம, காலை எடுத்ததும் நிக்கதுக்கு இதுவே காரணமா இருக்கலாம். இந்த வேக்குவம் மேனிஃபோல்டுலேர்ந்து இல்ல, கார்ப்ரேட்டர்ல த்ராட்டில் தகட்டோட முனை பக்கத்துலேர்ந்து வரது, அதனால பாதி ஆக்ஸிலேட்டர்லதான் பிளேட்டை இழுத்து வச்சிருக்கும். காலை எடுத்தா பிளேட்டு பழைய இடத்துக்கு வரும். அந்த இடத்துல கம்பி விடுதோ என்னவோ.

மீட்டர் இருந்தா இப்படிப் பாருங்க. பாயின்ட் மூடின நிலையில எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் பண்ணி, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து டெர்மினலுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் நடுவுல வோல்ட்டேஜ் பாருங்க. பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். பாயின்ட் திறந்தா 12 வோல்ட் காட்டணும். மூடினபோதே ஒண்ணு ரெண்டு வோல்ட் காட்டினா எர்த் வழியில தடை இருக்கு. மீட்டரைப் பாத்துக்கிட்டே பிளேட்டை விரலால லேசா அசைச்சுப் பாருங்க. சாவியை ரொம்ப நேரம் ஆன்ல வைக்காண்டாம், பாயின்ட் மூடிருந்தா காயில் சூடாயிரும்.

கோட்டாறு லேத்

மேனிஃபோல்டைக் கழத்துறதா இருந்தா ஒரு விஷயம். இந்த எஞ்சின்ல இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். ரெண்டுக்கும் நடுவுல உள்ள ஸ்டட்ல (எஞ்சின்ல நிக்கிற மரைக்கம்பி) கனமான பெரிய வாஷர் ஒண்ணு போட்டு, அந்த ஒரே வாஷர்தான் ரெண்டு ஃப்ளேஞ்சையும் (மேனிஃபோல்டை மாட்டுற விளிம்பு) பிடிக்கும். ரெண்டு ஃப்ளேஞ்சும் ஒரே கனம் இருந்தாத்தான் ரெண்டும் பிடிபடும். எக்ஸாஸ்ட் கொஞ்சம் கனம் கூடினா வாஷர் அதுமேல உக்காந்துரும், இன்டேக் லூசா நிக்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனம் இல்ல, ஸ்டட்தான் அறுந்து வரும்.

இது எப்படி நடக்கும்னா, எப்பவாச்சும் ஒண்ணை மட்டும் லேத்துல கொடுத்து முகம் பிடிச்சிருப்பாங்க, அதாவது சீவி மட்டமாக்கிருப்பாங்க. இல்லேன்னா ஒண்ணு மட்டும் வேற வண்டியிலேர்ந்து வந்திருக்கும். வரும்போது ரெண்டையும் சேத்தே கொண்டாங்க. ரெண்டையும் ஒண்ணா போல்ட் பண்ணி ஒரே செட்டிங்ல முகம் பிடிக்கணும். அப்பத்தான் ஒரே தளத்துல வரும். கழத்தின உடனே வெர்னியர் வச்சு ரெண்டு ஃப்ளேஞ்சு கனத்தையும் அளந்து எழுதுங்க.

பழைய வாஷரையும் பாருங்க. இறுக்கி இறுக்கி வாஷர் வளைஞ்சு கிண்ணமா நிக்கும். மெல்லிசு வாஷர் ரெண்டு போட்டு ஒப்பேத்தாதீங்க, கனமான இரும்புல புதுசா கடைஞ்சு போடணும்.

மார்த்தாண்டம் 90ஸ்

அண்ணே எல்லாருக்கும் ஒரு கேள்வி. இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மாருதி கார்ப்ரேட்டர் மாத்தி, பாயின்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா தீந்துதே. எங்க பக்கம் ரெண்டு வண்டிக்கு இப்படித்தான் செஞ்சிருக்காங்க, நல்லாத்தான் ஓடுது.

நாஞ்சில் ஃபியட்

தம்பி, மேனிஃபோல்டில் காற்று லீக் இருந்தால் எந்த கார்ப்ரேட்டரைப் போட்டாலும் லீக் அங்கேயேதான் இருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல பொருள்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாட்யூலும் அதே பிளேட்டில்தான் உட்காரும், அதே எர்த் கம்பி வழியாகத்தான் வேலை செய்யும். கம்பி அறுந்திருந்தால் அதுவும் நிற்கும். என்ன, பாயின்ட் என்றால் வழியில் ஒரு தேய்ப்புக் காகிதத்தால் உயிர் கொடுக்கலாம், மாட்யூல் என்றால் இழுவை வண்டியைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் விதி வந்திருக்கிறது. வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. அந்தப் பதிவு எண்ணில் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது, கண்காட்சி, ரேலி மாதிரிக் காரியங்களுக்குத்தான் சாலையில் இறக்கலாம். அதனால் தக்கலைக்காரர் அதற்குப் போவாரா இல்லையா என்பது அவர் விருப்பம். ஆனாலும் எஸ்.யூ. கார்ப்ரேட்டரைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டால் அந்த வழியைத் தானே அடைத்துக்கொள்கிறோம். அதோடு எஸ்.யூ.வில் உள்ள சௌகரியம் எனக்கே பொறாமை தருவது. ஐடிலிங்குக்கென்று தனி ஜெட்டே (பெட்ரோல் வரும் துளை) கிடையாது. ஒரே ஜெட், ஒரே ஊசி. என் சோலெக்ஸ் கார்ப்ரேட்டரில் ஐடிலிங் ஜெட்டின் ஊசித்துளையில் ஒரு துகள் விழுந்தால் போதும், ஐடிலிங் போய்விடும்.

குளச்சல் கடற்கரை

உப்புக்காத்து அடிக்கிற ஊர்க்காரன், ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டர் எர்த்தைப் பாக்கும்போது எஞ்சின் எர்த்தையும் பாத்துருங்க. எஞ்சின் ரப்பர் மவுன்டிங் மேலதான் நிக்கி. அதுக்கும் பாடிக்கும் நடுவுல உள்ள பட்டைக் கம்பிதான் கரண்டு திரும்பிப் போற வழி. எங்க பக்கம் அது பச்சை பூத்து பொடியா உதிரும். அது போச்சுன்னா செல்ஃப் அடிக்கிற கரண்டு சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா போவும். செல்ஃப் அடிச்ச உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா சந்தேகமே வேண்டாம். ரெண்டு முனையிலயும் பெயின்டைச் சுரண்டி, பளபளன்னு வந்த பிறகு போல்ட் இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்கு உள்ளயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் பென்சில் கோடு மாதிரி மெல்லிசா கறுப்புக் கோடு ஓடினா கேப்பை மாத்தணும். துடைச்சா போவாது அது.

தக்கலைக்காரன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. பாத்ததை வரிசையா எழுதுதேன்.

கம்ப்ரஷன் 1லேர்ந்து 4 வரைக்கும்: 128, 126, 130, 128. எஞ்சினைப் பிரிக்க பேச்சு முடிஞ்சுது. டேப்பட்ல எக்ஸாஸ்ட் ஒண்ணு டைட்டா இருந்துது, சரி பண்ணியாச்சு.

மேனிஃபோல்டுக்கு என்ன செஞ்சோம்னா, செடிக்குத் தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல சாதாரணத் தண்ணி. கார்ப்ரேட்டர் கிளீனர் அடிச்சுப் பாக்கச் சொன்ன ஆட்களும் உண்டு, கீழ எக்ஸாஸ்ட் பழுக்கச் சூடா இருக்கதனால அதை வேண்டாம்னு விட்டோம். ஐடிலிங்ல ஆடிக்கிட்டு இருக்கும்போது ஜாயின்ட் ஜாயின்டா லேசா அடிச்சோம். முன்பக்க இன்டேக் ஃப்ளேஞ்சுக்கு அடியில அடிச்சதும் 'சொர்'ருன்னு உள்ள இழுத்து, ஒரு நொடி ஐடிலிங் சத்தமே மாறிப்போச்சு. பின்பக்கம் அடிச்சா ஒரு மாற்றமும் இல்ல.

கழத்திப் பாத்தா லேத் அண்ணாச்சி சொன்னதுதான். எக்ஸாஸ்ட் ஃப்ளேஞ்சு அரை மில்லிமீட்டருக்கு மேல கனம் கூடுதல். வாஷர் ரெண்டும் வளைஞ்சு நிக்கி. பழைய பேக்கிங்ல முன்பக்க இன்டேக் துளையைச் சுத்தி கீழ்ப்பாதி அழுத்தமே படாம, வாங்கினப்போ இருந்த நிறத்துலயே கிடக்கு. மேல்பாதி கறுத்து அமுங்கியிருக்கு.

டிஸ்ட்ரிபியூட்டர்ல பாயின்ட் மூடினப்போ மீட்டர் 2 வோல்ட் பக்கம் காட்டுது. பிளேட்டை விரலால அசைச்சா சில இடத்துல பூஜ்யம் ஆவுது, சில இடத்துல 12க்குப் போயிருது. பின்னல் கம்பியை ஊசியால நிமிர்த்திப் பாத்தோம், நாலஞ்சு இழைதான் மிச்சம், அதுவும் ஒண்ணோடொண்ணு உரசிக்கிட்டு நிக்கி. சோக் கேபிள் சூடாகல. ஆனா எஞ்சின் எர்த் பட்டையையும் மாத்திட்டேன்.

மேனிஃபோல்டு ரெண்டும் கோட்டாறுக்கு அனுப்பியாச்சு. திரும்ப மாட்டின பிறகு கார்ப்ரேட்டரை எப்படி செட் பண்ணணும்? பட்டறையில எல்லா ஸ்க்ரூவையும் திருப்பி வச்சிருக்காங்க, எதுல தொடங்கன்னு தெரியல.

வடசேரி மெக்கானிக்

பின்னல் கம்பிக்குப் பதிலா வீட்டு வயரை சால்டர் பண்ணிப் போட்டுராதீங்க. அது விறைப்பா நிக்கும், பிளேட்டை அசைய விடாது, சீக்கிரமே அறுந்தும் போவும். நல்ல மெல்லிசு இழை உள்ள, வளையுற பின்னல் கம்பிதான் போடணும். காயில் பக்கத்துக் கம்பியையும் சேத்து மாத்திருங்க. வேக்குவம் பைப்பை வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சுப் பாருங்க, பிளேட்டு நகந்து அங்கேயே நிக்கணும். தானா திரும்பி வந்தா டயாப்ரம் ஓட்டை.

இனி வரிசை. வரிசை தப்பினா ஒண்ணை இன்னொண்ணு கெடுத்துரும்.

பாயின்ட் கேப் 0.014க்கும் 0.016 இன்ச்சுக்கும் நடுவுல. ஒரு கேம் முனையில வச்சிட்டு மத்த மூணுலயும் அளந்து பாருங்க. நாலும் நாலு மாதிரி வந்தா டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ஞ்சிருக்கு, ஐடிலிங் எப்பவும் முழுசா சீராவாது. பிளக் கேப் 0.025 இன்ச். பாயின்டுக்கு அப்புறம்தான் டைமிங் (தீப்பொறி வர நேரம்), ஏன்னா பாயின்ட் கேப் மாறினா டைமிங்கும் மாறும். 12 வோல்ட் பல்பு ஒண்ணை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவுல போட்டா, பாயின்ட் திறக்க நொடியில எரியும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்ல தீப்பொறி வர வரிசை) 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்துற ரோட்டார் மேலேர்ந்து பாத்தா இடஞ்சுழியா சுத்தும்.

இதெல்லாம் முடிஞ்ச பொறவு எஞ்சினை நல்லா சூடாக்கிட்டு கார்ப்ரேட்டர். முதல்ல கார்ப்ரேட்டருக்குள்ள மேல உள்ள பிஸ்டனை விரலால தூக்கி விடுங்க. 'டக்'குன்னு சத்தம் கேட்டு உக்காரணும். இழுத்துக்கிட்டு இறங்கினா ஊசி ஜெட்டுல உரசுது, சென்டர் பண்ணணும். அந்த பிஸ்டன் மேல உள்ள டாம்பருக்குள்ள 20 கிரேடு ஆயில் இருக்கான்னு பாருங்க.

கலவைக்கு ஜெட்டுக்கு அடியில உள்ள ஆறுமுக நட்டு. கீழ இறக்கினா பெட்ரோல் கூடும், மேல ஏத்தினா கொறையும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்பணும். பொறவு பக்கத்துல உள்ள சின்ன பின்னை மேல தள்ளி பிஸ்டனை ஒரு நூல் அளவு, முக்கால் மில்லிமீட்டர்தான், தூக்குங்க. எஞ்சின் வேகம் கூடி கூடினபடியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி. வேகம் கொறஞ்சாலோ நிக்கப் பாத்தாலோ பெட்ரோல் பத்தல. லேசா ஒருதரம் கூடிட்டு பழையபடி வந்தா அதான் சரியான இடம். ஐடிலிங் ஸ்பீடு ஸ்க்ரூவைக் கடைசியாத்தான் தொடணும்.

சோக் இழுத்து சோதிக்கிறவங்க கவனிக்கணும். சோக் கேபிளோட முதல் இழுப்பு ஜெட்டைத் தொடாது, த்ராட்டிலைத்தான் கொஞ்சம் திறக்கும். எஞ்சின் சீராச்சுன்னு பாத்து பெட்ரோல் பத்தலன்னு நெனச்சிருவோம். ஜெட் லீவரை அடியிலேர்ந்து நேரா கையால இறக்கிப் பாத்தாத்தான் உண்மை தெரியும்.

ஃபியட் சாரு சொன்ன இ20க்கு இங்கதான் இடம். காத்து லீக் அடைஞ்ச பிறகும், அந்த சின்ன பின்னைத் தள்ளிப் பாக்குற பின் டெஸ்ட்ல மெலிவு காட்டினா, ஒண்ணோ ரெண்டோ முகம் கூடுதலா இறக்க வேண்டி வரும். அது தப்பில்ல.

கோட்டாறு லேத்

மேனிஃபோல்டு ரெடி. ரெண்டும் ஒரே கனம், முகத்துல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சா ஒளி தெரியல. வாஷர் புதுசா கடைஞ்சிருக்கேன். மாட்டும்போது ஸ்டட் துளையைச் சுத்தி பழைய பேக்கிங் துணுக்கு ஒண்ணும் இருக்கப்பிடாது. எல்லாத்தையும் கையால சமமா கொண்டுவந்து, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒருநாள் ஓட்டி, ஆறவிட்டு, திரும்ப ஒருக்க இறுக்கணும். கார்ப்ரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல உள்ள அந்தத் தடிச்ச கறுப்பு பிளாக்கைத் தூக்கிப் போட்டுறாதீங்க. எக்ஸாஸ்ட் சூடு கார்ப்ரேட்டருக்கு ஏறாம தடுக்கது அதுதான்.

தக்கலைக்காரன்

மாட்டியாச்சு. நேத்து மத்தியானம் நல்ல வெயில்ல தக்கலையிலேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு, வரும்போது வேணும்னே செட்டிகுளம் ஜங்ஷன் நெரிசல்ல கொண்டு நிறுத்தினேன். எங்கேயும் நிக்கல. 1, 2 வயரைக் கழத்தினா இப்ப 3, 4 மாதிரியே எஞ்சின் விழுது. நட்டை ஒரு முகம் கூடுதலா இறக்கினதுல பின் டெஸ்ட் சரியா வந்துது. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு, பழசுல ரெண்டு உள்ள உரிஞ்சுதான் இருந்துது.

ஒண்ணு மிச்சம் இருக்கு. த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடிச்சு ஆட்டினா மேலும் கீழுமா ஆட்டம் தெரியுது. அதுமேல தண்ணி அடிச்சா ஐடிலிங்ல லேசா மாற்றம் இருக்கு. முந்தி பெரிய லீக் இருந்ததனால இது தெரியாம இருந்திருக்கும் போல. இதுக்குப் புது ஸ்பிண்டில் மட்டும் போட்டா போதுமா?

கோட்டாறு லேத்

ஸ்பிண்டில் மட்டும் போட்டா பாதிதான் சரியாவும். பாடியில உள்ள துளையும் தேய்ஞ்சிருக்கும். துளையைப் பெரிசாக்கி பித்தளை புஷ் இறக்கி, புது ஸ்பிண்டிலுக்கு ரீமர் பண்ணணும். கார்ப்ரேட்டர் பாடி, புது ஸ்பிண்டில், பட்டர்ஃப்ளை (த்ராட்டில் தகடு) மூணையும் ஒண்ணா கொண்டாங்க. பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ ரெண்டும் முனை பிளந்து விரிச்சிருக்கும், அப்படியே திருகினா மரை போயிரும். முதல்ல முனையை நெருக்கிட்டுத் திருப்புங்க. பட்டர்ஃப்ளை எந்தப் பக்கம் பாத்து இருந்துதுன்னு கழத்தறதுக்கு முன்னாடியே கோடு போட்டு வைங்க, திருப்பி மாட்டினா மூடாது. மாட்டும்போது பழைய ஸ்க்ரூவைப் போடாதீங்க. புதுசு போட்டு, முனையை விரிச்சு விடணும், இல்லேன்னா கழண்டு நேரா எஞ்சினுக்குள்ள போவும்.

திங்கக்கிழமைக்குள்ள கொண்டாந்தா அந்த வாரமே முடிச்சுத் தரேன்.